பீடம் அமைக்கும் குழுவில் உங்களையும் போட்டிருக்கிறார்களா?

கடிதம் ஒரு பக்கம்தான் இருக்கும். புதிய பீடமொன்றை அமைப்பதற்கோ, இடம்பெயர்ந்த துறையொன்றைப் பழைய இடத்தில் மீள நிறுவி உபகரணம் பூட்டுவதற்கோ பேரவை ஒரு திட்டமிடல் குழுவை நியமித்திருக்கிறது. தலைவர் இன்னார், உறுப்பினர்கள் இன்னார். கடைசி வரியில் அழைப்பாளர் என்று உங்கள் பெயர். நீங்கள் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளராகவோ உதவிப் பதிவாளராகவோ இருப்பீர்கள். "உமக்கு இது நல்ல அனுபவம்" என்று மூத்தவர் ஒருவர் சொல்லுவார். உண்மைதான். கூட்டக் குறிப்பை யார் எழுதுவது என்பதும் அந்த ஒரு வசனத்தோடு முடிவாகிவிடும்.

பயப்பட வேண்டாம். யாழ்ப்பாணத்தைப் போல இந்த வேலைக்கு முன்னுதாரணம் உள்ள ஊர் அதிகம் இல்லை. திருநெல்வேலியில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஒருமுறை நிறுவப்பட்டு அப்படியே வளர்ந்த ஒன்றல்ல. தொடங்கியது, மூடியது, இடம்பெயர்ந்தது, திரும்பி வந்தது, மறுபடி பூட்டியது. அந்த வரலாற்றை வாசித்தால் ஒரு விஷயம் துலங்கும். இப்படியான குழுக்கள் காசில்லாமல் தோற்பதைவிட, எதற்குப் பிறகு எது என்ற வரிசை பிசகித் தோற்பதுதான் கூட. அந்த வரிசையைக் கையில் வைத்திருப்பவர் அழைப்பாளர். ஆகவே கடைசி வரியில் பெயர் வந்ததற்குக் கவலைப்படாதீர்கள்.

முதற் கூட்டத்துக்கு முன்

இரண்டு பழைய கோப்புகளை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஒன்று 1974. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்தை நிறுவும் கட்டளை அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 இல் நடைமுறைக்கு வந்தது. ஒக்ரோபர் 6 இல் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க வளாகத்தைத் திறந்துவைத்தார். இடையில் பத்து வாரம்கூட இல்லை. இது எப்படிச் சாத்தியமானது? சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி வளவும் கட்டடங்களும் ஏற்கெனவே அங்கே நின்றன. விஞ்ஞானத்துக்கு வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இருந்தது. புதிதாக ஒரு கல்லும் வைக்காமல் வகுப்பு தொடங்கலாம். அரசியல் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. தமிழ்ப் பல்கலைக்கழகம் திருகோணமலையில் அமைய வேண்டும் என்பது தமிழரசுக் கட்சியின் பழைய கோரிக்கை. அந்த விவாதத்தின் நடுவில்தான் 41 வயதுக் க. கைலாசபதி முதலாவது வளாகத் தலைவராகக் கதிரையில் இருந்தார். அவர் முன்னர் தினகரன் ஆசிரியராக இருந்தவர். நாளைக்குப் பேப்பர் வெளிவந்தே ஆகவேண்டும் என்ற பழக்கம் நிர்வாகத்துக்கும் உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

மற்றது பொறியியற் பீடம். வளாகம் தனிப் பல்கலைக்கழகமாக மாறிய 1979 ஆம் ஆண்டிலேயே அந்த யோசனை இருந்தது. மாணவர் உள்ளே வந்தது, 2009 இல் போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, கிளிநொச்சி அறிவியல் நகரில். முப்பது ஆண்டுகளுக்கு மேல். நடுவில் அந்தக் கனவைச் சுமந்தவர் துணைவேந்தர் அ. துரைராஜா. கம்பர்மலையில் பிறந்து கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்தவர். ரொஸ்கோ, ஸ்கொஃபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து 1963 இல் அவர் எழுதிய களிமண் பற்றிய கட்டுரை இன்றும் மண் பொறியியலின் அடிப்படை வாசிப்புகளில் ஒன்று. போர்க்கால எரிபொருள் தடையின்போது சைக்கிளில் பல்கலைக்கழகம் போய்வந்த துணைவேந்தர் என்றும் ஊர் அவரை நினைக்கிறது. அவர் காலத்தில் 1990 இல் விவசாய பீடம் கிளிநொச்சியில் தொடங்கியது. பொறியியலைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1994 இல் காலமானார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை, போர் குறுக்கே கிடக்கிறது. ஆனால் உங்கள் முதற் கூட்டத்துக்கு ஒரு கேள்வியை அவை தருகின்றன. உள்ள கட்டடத்தில், உள்ள ஆட்களோடு, அடுத்த தவணையே தொடங்கக்கூடிய பாடம் எது? இயந்திரக்கூடமோ பண்ணைக் காணியோ இல்லாமல் தொடங்கவே கூடாத பாடம் எது? இந்தப் பிரிப்பை எழுத்தில் வாங்காமல் கூட்டத்தை முடிக்க விடாதீர்கள். முதல் வகையை இரண்டாவதற்காகக் காத்திருக்க வைப்பதும், இரண்டாவதை முதல் வகைபோல அவசரப்படுத்துவதும் குழுக்கள் வழமையாகச் செய்கிற பிழைகள். விவசாய பீடத்தைப் பாருங்கள். போர் அதைக் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தள்ளியது. விரிவுரை இடம்பெயரலாம், வயல் இடம்பெயராது. போர் முடிந்த பின் கிளிநொச்சிக்கே திரும்பவேண்டி வந்தது.

ஆளணி வராமல் சாமான் வாங்காதீர்கள்

குழுவில் எல்லோருக்கும் பிடித்த பேச்சு கட்டடமும் இயந்திரமும். யாருக்கும் பிடிக்காத பேச்சு ஆளணி. ஆகவே நிகழ்ச்சி நிரலில் ஆளணியை முதலாவதாகப் போடுங்கள். கடைசியில் போட்டால் அதற்குள் தேநீர் முடிந்து பாதிப்பேர் எழும்பியிருப்பார்கள்.

விரிவுரையாளர் பதவிகளைப் பற்றி யாரும் மறக்கமாட்டார்கள். மறக்கப்படுபவர்கள் தொழில்நுட்ப அலுவலர், ஆய்வுகூட உதவியாளர், களஞ்சியப் பொறுப்பாளர், மின் பராமரிப்பாளர். ஒரு பதவிக்கு மானியங்கள் ஆணைக்குழுவின் சம்மதம் வேண்டும், முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், அதன் பிறகு விளம்பரம், விண்ணப்பம், நேர்முகம். உபகரணம் அதற்கு முந்தி வந்துவிடும். பெட்டி பிரிக்காமல் கிடக்கும். உத்தரவாதக் காலம் பெட்டிக்குள்ளேயே ஓடி முடியும். "சேர், சாமான் வந்திட்டுது, பூட்ட ஆளில்லை" என்ற வசனத்தை இலங்கையின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கேட்கலாம்.

ஆளணிக் கோரிக்கையை எழுதும்போது ஒவ்வொரு பதவிக்கும் எதிரில் அது இல்லாவிட்டால் எந்தச் செய்முறை வகுப்பு நிற்கும் என்று ஒரு வரி எழுதுங்கள். "அத்தியாவசியம்" என்று எழுதினால் கொழும்பில் யாரும் அசையமாட்டார்கள். எந்த ஆண்டு மாணவருக்கு எந்தப் பாடம் வாரத்தில் எத்தனை மணி நேரம் நடக்காது என்று எழுதினால் கோப்பு மேசையில் நிற்கும்.

மருத்துவம் சார்ந்த துறையென்றால் இன்னொன்றும் உண்டு. கற்பித்தல் பல்கலைக்கழகத்துடையது, போதனா வைத்தியசாலை சுகாதார அமைச்சினுடையது. இரண்டு அமைச்சு, இரண்டு நிரல், இரண்டு விதமான அவசரம். வைத்தியசாலைப் பணிப்பாளர் தரப்பிலிருந்து ஒருவரைக் குழுவுக்கு முதல் நாளே அழையுங்கள். முடிவெடுத்த பின் "அறிவித்தலுக்காக" கடிதம் அனுப்பி நல்ல பெயர் எடுத்தவர் யாரும் இல்லை.

பட்டியல் எழுதுவது ஒரு தொழில்

உபகரணப் பட்டியல் கேட்டுத் துறைகளுக்குக் கடிதம் அனுப்புவீர்கள். வரும் பட்டியல்கள் பெரும்பாலும் அவரவர் கலாநிதிப் பட்டம் செய்த ஆய்வுகூடத்தின் ஞாபகமாக இருக்கும். லீட்ஸில் படித்தவர் லீட்ஸில் கண்டதைக் கேட்பார், சுக்குபாவில் படித்தவர் சுக்குபாவில் கண்டதை. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆசைதான். ஆனால் உங்கள் வேலை அந்தப் பட்டியலைத் திருநெல்வேலித் தண்ணீரிலும் மின்சாரத்திலும் காற்றிலும் வைத்துப் பார்ப்பது.

தண்ணீர்: குடாநாடு சுண்ணக்கல் மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் வன்நீர். கேத்தலில் வெள்ளையாகப் படிவது வடிநீர்க் கருவியிலும் குளிர்விப்புக் குழாயிலும் படியும். நீர் மென்மையாக்கும் அமைப்பு பட்டியலில் இல்லையென்றால் தண்ணீர் தொடுகிற ஒவ்வொரு கருவிக்கும் ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

மின்சாரம்: 1990 இல் அறுந்த குடாநாடு தேசிய மின்வலையோடு திரும்ப இணைந்தது 2013 இல்தான். 2022 மார்ச் முடிவில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. மறை எண்பது பாகையில் மாதிரி வைக்கும் குளிர்ப்பெட்டியைக் கேட்பவரிடம் ஜெனரேட்டருக்கு டீசல் எந்தச் செலவுத் தலைப்பில் என்று கேளுங்கள். பதில் இருந்தால் பட்டியலில் வையுங்கள்.

காற்று: கடல் எந்தப் பக்கமும் தூரமில்லை. உப்புக் காற்றும் ஈரப்பதமும் இலத்திரனியல் பலகையைத் தின்னும். நுணுக்குக்காட்டி வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும். குளிரூட்டி ஆடம்பரம் என்று நிதிப் பிரிவு வெட்டினால், ஈரம் நீக்கும் கருவியையாவது உபகரணத்தின் பகுதியாகவே காட்டி எழுதுங்கள்.

இன்னொன்று தூரம். கொழும்பிலிருந்து 400 கிலோமீற்றர். ஏ9 பாதை 1990 முதல் 2002 வரையும், 2006 இலிருந்து போர் முடியும் வரையும் மூடிக் கிடந்த காலத்தை மூத்த தொழில்நுட்ப அலுவலர்களிடம் கேளுங்கள். மின்கலம், சீமெந்து, எரிபொருள் என்று தடைப் பட்டியல் இருந்த நாட்களில் ஆய்வுகூடம் நடத்தியவர்கள் அவர்கள். உதிரிப்பாகத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்தக் கைநூலிலும் இல்லை. இன்று பாதை திறந்திருக்கிறது, 2014 முதல் யாழ் தேவியும் வருகிறது. ஆனாலும் கம்பனியின் பொறியியலாளர் ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் பயணம் செய்யவேண்டும் என்பதால் பின்போடுவார். யாழ்ப்பாணத்துக்கு நேரில் வந்து பூட்டிக் காட்டுவது, இங்குள்ளவரைப் பழக்குவது, பழுதென்றால் எத்தனை நாளுக்குள் வருவது, இவை மூன்றும் கேள்விப் பத்திரத்தில் எழுத்தில் இருக்கட்டும். பிறகு தொலைபேசியில் கெஞ்சுவதைவிட இது எளிது.

விவரக்குறிப்பில் வணிகப் பெயர் எழுதாதீர்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் "அல்லது அதற்குச் சமமானது" என்று சேருங்கள். இன்ன கம்பனியின் கையேட்டில் இருந்து அப்படியே பிரதி பண்ணிய விவரக்குறிப்பை மற்றக் கேள்விதாரர் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார். முறைப்பாடு வரும், ஆறு மாதம் போகும். விவரக்குறிப்பு எழுதியவரும் மதிப்பீட்டுக் குழுவில் இருப்பவரும் விற்பனைப் பிரதிநிதியோடு மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் இருப்பது நல்லது. எங்கள் ஊர் சின்னது, சாப்பாடு முடிய முந்திச் செய்தி வந்துவிடும்.

மழையும் டிசம்பரும்

திறைசேரியின் நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. செலவாகாத மூலதன ஒதுக்கு அடுத்த ஆண்டுக்குத் தானாக வராது. குடாநாட்டின் மழையோ ஐப்பசியிலும் கார்த்திகையிலும். ஆண்டின் முதற் காலாண்டு அனுமதியில் போகும், நடுப்பகுதி கேள்வி கோரலில் போகும், ஒப்பந்தகாரர் அத்திவாரம் வெட்டும் நேரம் குழிக்குள் தண்ணீர் நிற்கும். ஒவ்வோர் ஆண்டும் இதே கதை, ஒவ்வோர் ஆண்டும் குழுக்கள் ஆச்சரியப்படுகின்றன.

ஆகவே நாட்காட்டியைப் பின்னாலிருந்து எழுதுங்கள். நிலத்தடி வேலை ஆவணிக்குள் முடியவேண்டுமென்றால் ஒப்பந்தம் எப்போது, அதற்குக் கேள்வி எப்போது, அதற்கு வரைபடம் எப்போது? அப்படிப் போனால் வரைபடம் முந்திய ஆண்டிலேயே முடிந்திருக்க வேண்டும் என்று தெரியும். அதைத் தலைவரிடம் ஒரு தாளில் காட்டுங்கள்.

விலையும் காலத்தோடு ஓடுகிறது. 2022 இல் ரூபா சில வாரங்களில் டொலருக்கு 200 அளவிலிருந்து 360 அளவுக்குச் சரிந்தபோது கையிலிருந்த விலைமனுக்கள் கடுதாசியாயின. இறக்குமதிப் பொருளுக்கு மதிப்பீடு செய்த திகதியையும் அன்றைய நாணய மாற்று வீதத்தையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். பின்னால் கணக்காய்வு கேட்கும்போது அந்த ஒரு வரி உங்களைக் காக்கும்.

வரைபடம் என்றதும் ஒரு நல்ல உதாரணம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் திட்டமிட்ட குழு, நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையைப் பெற்றது, கட்டடத்தைச் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்தார். புத்தகம் எப்படி அடுக்கப்படும், வாசகர் எப்படி உள்ளே வருவார் என்று தெரிந்தவரும் சுவர் வரைபவரும் ஒரே குழுவுக்குப் பதில் சொன்னார்கள். உங்கள் குழுவில் கட்டடக் கலைஞர் வரும் நாளில் ஆய்வுகூட உதவியாளர் ஒருவரையும் கூப்பிடுங்கள். வாயு உருளை எந்த வாசலால் வரும், கழிவு அமிலம் எங்கே போகும், கைகழுவும் தொட்டி எந்த உயரம் என்பதெல்லாம் அவர் கேட்பார். பேராசிரியர் கேட்கமாட்டார்.

"ஒரு கொள்கலன் அனுப்புறம்"

ரொறொன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ பழைய மாணவர் சங்கம் அழைக்கும். நல்ல மனம், சந்தேகமில்லை. போருக்குப் பிறகு கிளிநொச்சி வளாகத்தை எழுப்பியதில் இந்திய, ஜப்பானிய அரசுகளின் உதவி இருந்தது போல, புலம்பெயர்ந்தவர்களின் உதவியும் பல துறைகளில் இருக்கிறது. ஆனால் நன்றி சொல்வதற்கு முந்திச் சில கேள்விகள் உண்டு. கனடாக் கருவி 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸில் ஓடுவது. எங்களது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். மின்மாற்றி வைத்து வோல்ற்றைச் சரிசெய்யலாம். அதிர்வெண்ணை அது மாற்றாது, மோட்டார் உள்ள கருவி வேறு வேகத்தில் சுற்றும். கருவி எந்த ஆண்டினது, உதிரிப்பாகம் இன்னும் விற்கிறார்களா, மென்பொருள் உரிமம் கைமாறுமா, சுங்க விலக்கு யார் பெயரில்? இந்தப் பதில்கள் கப்பல் புறப்பட முதல் வரவேண்டும். துறைமுகத்தில் கொள்கலன் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும், அதைக் கட்ட உங்களிடம் தலைப்பில்லை.

மறுக்கவேண்டி வந்தால் முகத்துக்கு மறுக்காதீர்கள். ஐந்து ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தத்துக்கோ, தொழில்நுட்ப அலுவலர் ஒருவரின் வெளிநாட்டுப் பயிற்சிக்கோ காசு கேளுங்கள். பெயர்ப்பலகை வைக்க முடியாத உதவி என்று சிலர் தயங்குவார்கள். பயிற்சிக்கும் பலகை வைக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

பொருட்பதிவேடு

1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழக நூலகத்தை ஜேர்மன் படை எரித்தது. 1919 வெர்சாய் ஒப்பந்தத்தின் 247 ஆம் உறுப்புரை, எரிந்தவற்றுக்கு எண்ணிக்கையிலும் பெறுமதியிலும் ஈடான நூல்களையும் சுவடிகளையும் ஜேர்மனி கொடுக்கவேண்டும் என்றது. கோரிக்கை வந்து மூன்று மாதத்துக்குள். 1940 இல் அந்த நூலகம் மறுபடி எரிந்து மறுபடி கட்டப்பட்டது வேறு கதை. எண்ணிக்கையும் பெறுமதியும் என்ற அந்த இரண்டு சொற்களைக் கவனியுங்கள். எதை இழந்தோம் என்று காட்டினால்தான் எதையும் கேட்கலாம்.

எங்கள் பக்கம் வாருங்கள். 1987 ஒக்ரோபரில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இறங்கியது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுக்க ஓரிரவில் தென்மராட்சிக்கு நடந்தது, பல்கலைக்கழகத்தாரும் நடந்தார்கள். 1996 இல் திரும்பி வந்து மீண்டும் திறந்தபோது எது இருக்கிறது, எது போனது என்று எண்ணுவதிலிருந்துதான் எந்த நிறுவனமும் தொடங்கவேண்டி இருந்தது. ஆகவே பொருட்பதிவேட்டைக் களஞ்சியத்தில் ஒரு பிரதியாக மட்டும் வைக்காதீர்கள். தொடரிலக்கம், விலை, வாங்கிய திகதி, படம் எல்லாம் இணையச் சேமிப்பில் ஒன்று, வளாகத்துக்கு வெளியே ஒன்று. போர் வேண்டாம், கூரை ஒழுக்கும் கறையானும் போதும்.

கூட்டத்தில்

கூட்டக் குறிப்பில் "ஆராயப்பட்டது" என்ற வினையை ஒழியுங்கள். யார், எதை, எந்தத் திகதிக்குள் என்று மூன்றும் இல்லாத தீர்மானம் அடுத்த கூட்டத்தில் அதே உருவில் திரும்பி வரும். குறிப்பை மறுநாளே அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் வேறு கூட்டம் ஞாபகம் இருக்கும்.

இரண்டு பேராசிரியர் மோதும்போது நடுவில் நிற்காதீர்கள். அங்கே பேசப்படுவது பெரும்பாலும் உபகரணம் இல்லை, 1990களில் நடந்த ஏதோ ஒரு தெரிவு. "சேர், ரெண்டு பேரின்ர கருத்தையும் எழுதித் தாங்கோ, குறிப்பில போடுறன்" என்று சொல்லுங்கள். எழுதச் சொன்னால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

மாணவர் பிரதிநிதியைக் கூப்பிடுவதா என்ற கேள்வி வரும். கூப்பிடுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அறிவியல் நகர் போன்ற இடத்தில் செய்முறை நேர அட்டவணையை அதுதான் தீர்மானிக்கும்.

உங்களுக்கு என்ன கிடைக்கும்

வெளிப்படையாகப் பேசுவோம். பேராசிரியர் பதவி உயர்வுத் திட்டத்தில் பல்கலைக்கழக வளர்ச்சிக்கான பங்களிப்புக்கு இடம் உண்டு. ஆனால் ஆய்வுக் கட்டுரை இல்லாத இடத்தை எந்தக் குழுவும் நிரப்பாது. தகுதிகாண் காலத்தில் இருப்பவர், முதுமாணியோ கலாநிதியோ முடிக்கவேண்டியவர், ஒரே நேரத்தில் இரண்டாவது குழுவை ஏற்கக்கூடாது. "கலாநிதிப் படிப்பு முடியட்டும் சேர்" என்பது யாழ்ப்பாணத்தில் இன்னும் மரியாதையான மறுப்பு.

ஏற்ற ஒன்றிலிருந்து எடுக்கக்கூடியதை எடுங்கள். கேள்விப் பத்திரம் எழுதத் தெரிந்த, திறைசேரியோடு கடிதப் போக்குவரத்து நடத்தத் தெரிந்த கல்வியாளர்கள் குறைவு. உலக வங்கியின் அஹெட் போன்ற உயர்கல்வித் திட்டங்கள் வந்தபோது முன்மொழிவு எழுத முதலில் தேடப்பட்டவர்கள் இப்படியானவர்கள்தான். நிர்வாகத்தில் இருப்பவருக்கு இது பிரதிப் பதிவாளர் நேர்முகத்தில் பேசும் விஷயம். நியமனக் கடிதம், உங்கள் கையால் போன ஆவணங்கள், இறுதி அறிக்கை மூன்றையும் தனிக் கோப்பில் வைத்திருங்கள். ஐந்து வருடம் கழித்து அலுவலகத்தில் தேடிக் கிடைக்காது.

குழு கலையும் நாளில், அல்லது நீங்கள் படிப்பு விடுப்பில் போகும் நாளில், கோப்புகளையும் திறப்புகளையும் மின்னஞ்சல் கடவுச்சொற்களையும் பட்டியலிட்டு அடுத்தவரிடம் கையளித்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்குங்கள். தலைவரிடமும் ஒன்று வாங்குங்கள். அவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுபவராக இருக்கக்கூடும்.